மாமி வீட்டுக் கமராவைத் திருத்தியது நான்

மச்சான் பொய் சொல்கிறார்.

போன மாதம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் மாலையோடு நின்று மைக்கில் அவர் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். வராதவர்கள் வகுப்புக் குழுவுக்கு வந்த வீடியோவில் பார்த்தீர்கள். "அப்பா கையால கட்டின ரீவி கமராவில ஒருத்தருக்கும் பிடிபடாத பிழைய நான் பதின்மூண்டு வயசில பிடிச்சன். அண்டைக்கே நான் எஞ்சினியர்" என்றார். அதோடு நிற்கவில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளையைத் துடக்கு, தீட்டு என்று சொல்லிக் கமராப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தார்களாம். அது அவருக்கு அந்த வயதிலேயே பிடிக்கவில்லையாம். அதற்குத்தான் நீங்கள் கூடுதலாகக் கைதட்டினீர்கள்.

அந்தப் பெண்பிள்ளை நான். பிழையைப் பிடித்ததும் நான்.

பாடசாலைக்கு ஆண்டு மலர் போடுகிறோம், ஒரு நினைவுக் குறிப்பு தா என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் அது. எனக்கு அழகாக எழுத வராது. முப்பது வருடமாக வீட்டு முன்னறையில் ரேடியோவும் ரீவியும் தண்ணீர் மோட்டரும் திருத்துகிறேன். வெட்டாமல் போடுங்கள்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்த வருடம். கச்சான் காற்று தொடங்கியிருந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு அந்தக் காற்று எங்கள் ஊருக்கு மேலால் கடலுக்குப் போகும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட உடுப்பு போட்ட கையோடு காயும். விடியப்புறம் மட்டும் கடலின் ஈரம் ஊருக்குள் நிற்கும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் ஒரு கீற்றாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அங்கே இரும்பு வைத்தால் இரும்பு துருப்பிடிக்கும், தகரம் வைத்தால் தகரம் துருப்பிடிக்கும். இது கதைக்கு வேண்டிய விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, மச்சானின் அப்பா. வளைகுடாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே காவலுக்கு வைத்திருந்த ரீவி கமராக்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. பழைய கமராக்களைக் கழற்றி எறிந்தபோது ஒன்றின் படம் பிடிக்கிற ரியூப்பையும் அதைச் சுற்றியிருந்த கம்பிச் சுருள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய், கத்தரிக்காய்ப் பருமன். மாமிக்குக் கொண்டுவந்த சேலைகளுக்குள் சுற்றி எடுத்துவந்தார். விமான நிலையத்தில் என்ன இது என்று கேட்டவர்களுக்கு ரேடியோ பல்ப் என்று சொன்னாராம். ஒரு கறுப்பு வெள்ளை ரீவியும் வந்தது. கொழும்பு ஒளிபரப்பு எங்கள் பக்கம் அரிசி கொட்டினமாதிரித்தான் தெரியும். அரிசிக்குப் பின்னால் யாரோ செய்தி வாசிப்பார்கள்.

கமராவின் மற்ற எல்லாவற்றையும் மாமா இங்கே கட்டினார். உடம்பு ஒரு சதுர பிஸ்கட் தகரம். முன்னால் பழைய சினிக் கமராவின் கண்ணாடி. உள்ளே மூன்று சேர்கிட் தட்டுகள், ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து கிழித்த பக்கங்களைப் பார்த்துக் கட்டினவை. மூன்று மாத லீவு. அது முடிவதற்குள் பாடசாலைக் கண்காட்சியில் காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

கமரா இருந்தது மாமி வீட்டின் பின்சாய்ப்பில், பின்சுவரோடு ஒட்டி இறக்கின கொட்டிலில். மாமி வீடு என்று வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குப் போகும். மாமா அந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்துப் போனவர். அங்கே அடுப்பு எங்கே இருக்க வேண்டும், ஆர் எந்த வாசலால் வர வேண்டும் என்பதெல்லாம் மாமியின் சொல். இதுவும் கதைக்கு வேண்டிய விஷயம்.

மாமா சொல்லித்தருகிற ஆள் இல்லை. கேள்வி கேட்டால் எரிந்துவிழுவார். "பேசாத புள்ள, மீற்றரப் பார்" என்பார். அவருக்கு நான் ஏன் தேவைப்பட்டேன் என்றால், கிட்டப் பார்வை போய்விட்டது, கண்ணாடி போட வெட்கம். றெசிஸ்டரில் இருக்கிற நிறக் கோடுகள் அவருக்குத் தெரியாது. சிவப்பையும் மண்ணிறத்தையும் மாற்றி வைத்துவிடுவார். அவர் மத்தியானம் படுத்த பிறகு சஞ்சிகைப் பக்கங்களை அகராதியோடு வைத்து நான் தனியாக வாசித்தேன். ஈயம் வைக்கிற அயனைப் பிடித்துப் பிடித்துப் பழகினேன். இடது பெருவிரலில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

மச்சான் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சின்னதில் அவன், இப்போது அவர். மேடையில் பேசுகிறவர்களுக்கு 'அவர்' போடத்தானே வேண்டும். அவன் கமராவுக்கு முன்னால் இருந்தான். படம் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், அதற்கு. நாக்கை நீட்டுவான், கண்ணை உருட்டுவான். அதை நன்றாகச் செய்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் படம் வந்த நாள் சிரிப்பான நாள். கமரா முற்றத்தைப் பார்த்திருந்தது. ரீவியில் மாமியின் சிவப்புக் கோழி தலைகீழாக, வானத்தில் காலை வைத்து நடந்தது.

"அப்பா, கோழி செத்துப் போச்சு" என்றான் மச்சான்.

குசினிக்குள்ளிருந்து மாமி வந்தா. "என்ட கோழிய என்ன செஞ்ச நீங்க?"

"ஒண்டும் செய்யல்ல. அங்க நிக்கிது பார்."

மாமி ரீவியைப் பார்த்தா, முற்றத்தைப் பார்த்தா, திரும்பவும் ரீவியைப் பார்த்தா. "ஆம்புளையள் வீட்டில இருந்தா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

ஒரு சுருளின் இரண்டு கம்பிகளை மாற்றி வைத்தோம். கோழி நேரானது. ஆனால் கிணற்றடிக்குப் போகிற கோழி ரீவியில் வேலிக்குப் போனது. மற்றச் சுருளின் கம்பிகளையும் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். மாமா சஞ்சிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மாற்றினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிழையாக வந்தது. நான் என் பூமிசாத்திரக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். திகதி, நேரம், படம் எப்படி இருந்தது, என்ன தொட்டோம். படத்தைப் பென்சிலால் கீறியும் வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நேற்றுத் தொட்டதையே இன்றும் தொட்டுக்கொண்டு மாமா நாளை வீணாக்குவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

படத்தில் ஒரு கறுப்புப் பட்டை கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருந்தது. மாமா கொண்டென்சர் மாற்றினார், போகவில்லை. கரண்ட் வருகிற ரான்ஸ்போமர் இருக்கிற பக்கத்தில்தான் படம் வளைகிறது என்று என் கீறல்களில் தெரிந்தது. அதைத் தகரத்துக்கு வெளியே எடுத்து நீளக் கம்பியில் வைத்தோம். பட்டை போனது. இன்னொரு நாள் படம் முழுக்க பாய்க்கோடு மாதிரி வரிவரியாக வந்தது. மாமா எல்லாத் தட்டையும் கழற்றினார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். மாமியும் பக்கத்து வீட்டு அக்காவும் மாறி மாறி மா இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை விழ விழ நிலம் அதிர்ந்தது. ரியூப்புக்குள் இருக்கிற மெல்லிய வலை நடுங்கியிருக்கிறது. சைக்கிள் ரியூப்பை வெட்டி இரண்டு வளையம் செய்து அதன் மேல் கண்ணாடி ரியூப்பை இருத்தினோம். பிறகு ஊர் முழுக்க மா இடித்தாலும் படம் அசையவில்லை.

இதெல்லாம் சின்னப் பிழைகள். பெரிய பிழை பிறகு வந்தது.

அந்தக் கச்சான் காலத்தில்தான் நான் பெரியபிள்ளையானேன். வழக்கப்படி வீட்டுக்குள் இருத்தினார்கள். மாமிதான் தண்ணி வார்த்தா. பல நாள் சாய்ப்புக்குப் போகவில்லை. மச்சான் வேலிக்கு அப்பால் நின்று, "இப்ப படம் தண்ணி மாதிரித் தெளிவாக் கிடக்கு மச்சாள், நீ இல்லாம" என்று கத்துவான்.

எல்லாம் முடிந்து நான் திரும்பிப் போன காலை, படம் வெளுத்துப் போயிற்று. பாலை ஊற்றினமாதிரி. பிறகு மழைக்கோடுகள், வெள்ளைப் பொரிகள். மாமா தகரத்தில் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறக் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த நாள் விடிய நான் போனேன், திரும்பவும் வெளுத்தது. ஒரு நாள் காய்ச்சலென்று நான் போகவில்லை, படம் நன்றாக இருந்தது. அடுத்த நாள் போனேன், போயிற்று.

மாமி கதவுநிலையில் நின்று சொன்னா: "நான் அப்பவே சொன்னன். கொமர்ப்புள்ள கண்ட கண்ட மிசினுக்குள்ள கைய வெச்சா இப்பிடித்தான் வரும்."

"மிசினுக்கு என்னடி தெரியும்?" என்றார் மாமா. ஆனால் குரலில் பலமில்லை. அவர் ரான்சிஸ்டர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார். கடைசியில் அவரே என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். வளைகுடாவில் வேலை செய்த மனிதர், கையில் மீற்றர் வைத்திருக்கிறவர். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நானும் நம்பினேன். நான் போனால் படம் போகிறது. நான் போகாவிட்டால் படம் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போவேன்.

கண்காட்சிக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமி என்னை அடியோடு நிற்பாட்டிவிட்டா. சாய்ப்பையும் நன்றாகச் சுத்தம் செய்தாவாம். அன்றிலிருந்து படமே வரவில்லை. பகலிலும் வரவில்லை. என் துடக்கு உள்ளே ஊறிவிட்டது என்று பேச்சு. மாமா, கமராவைப் பிரித்துக் கட்டி வைக்கிறேன், கண்காட்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுளகில் அரிசியைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அந்தக் கமரா போனால் அது என்னால் போனதாகவே இந்த ஊரில் நிற்கும் என்று எனக்கு விளங்கியது. கலியாணம் பேச வருகிற வீட்டிலும் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் நிற்கும்.

கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

நான் பெரியபிள்ளையாவதற்கு முன்னாலும் இரண்டு தரம் படம் வெளுத்திருக்கிறது. பால் ஊற்றினமாதிரி என்று என் கையெழுத்திலேயே கிடந்தது. இரண்டும் விடியற்காலை. இரண்டும் வெள்ளிக்கிழமை. அப்போது நான் சின்னப் பிள்ளை. எனக்கு ஏது துடக்கு?

அப்படியே இருந்து யோசித்தேன். வெள்ளிக்கிழமை விடிய மாமி வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளிப்பா. சாய்ப்புக்கும் தெளிப்பா. நான் பெரியபிள்ளையான பிறகு, நான் சாய்ப்புக்குள் போகிற ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னாலேயே செம்போடு வந்து மாவிலையால் தெளித்தா. மாமா பிழை தேடுகிறார் என்று தகரத்தின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார். மாமி தெளித்தது வெறும் மஞ்சள் தண்ணியும் இல்லை. கடல் தண்ணியில் கரைத்தது. கடல் தண்ணிக்கு மேல் சுத்தம் இல்லை என்பது எங்கள் கரைப் பெண்களின் எண்ணம். போத்தலில் பிடித்துவந்து வைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சாய்ப்புக்குள் போனேன். மாமா இல்லை. மச்சான் படியில் இருந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"மச்சாள், அம்மா கண்டா உன்ட உசிர எடுத்துப்போடுவா."

"கண்டாத்தானே."

ரியூப்பின் முகத்தைச் சுற்றி ஓர் உலோக வளையம் இருக்கும். கமரா பார்க்கிற படம் முழுவதும் அந்த வளையத்திலிருந்து ஒரே ஒரு கம்பியால்தான் வெளியே வரும். மிகச் சின்ன மின்சாரம், எறும்பு மூச்சுவிட்டால் கூடத் தடுமாறும். மாமா அந்தக் கம்பியைச் சேர்கிட் தட்டில் படுக்க வைத்து ஈயம் வைத்திருந்தார். அதற்கு ஒரு விரல் தள்ளி முந்நூறு வோல்ற் ஓடுகிறது. நான் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த ஒரு விரல் இடைவெளி முழுக்க மஞ்சள் புள்ளி. புள்ளிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கரண்டைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

விடியற்காலை ஈரத்தில் மாமி மேலும் தெளித்தால் அந்த உப்பு நனைந்து நிற்கும். நனைந்தால் முந்நூறு வோல்ற் அதன் வழியாகப் படத்துக்குள் கசியும். கச்சான் வீசினால் காயும், படம் தெளியும். கடைசி நாள் சுத்தம் என்று செம்பு முழுவதையும் ஊற்றியிருக்கிறா; உப்புத் தடித்துப்போய்ப் பகலிலும் ஈரம் காயவே இல்லை.

அந்த நேரம் மாமா வந்துவிட்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "நக்கிப் பாருங்க" என்றேன். விரலால் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் விரலில் தொட்டு நக்கினார். வாசலில் வைத்திருந்த மாமியின் செம்பைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்பிரிட் கிடக்கா?" என்று கேட்டேன். புண்ணுக்குப் போடுகிற ஸ்பிரிட் இருந்தது. தூரிகையால் கழுவினேன். தட்டைக் கச்சான் வருகிற பக்கம் பிடித்துக் காயவைத்தேன். மச்சானைக் கமராவுக்கு முன்னால் இருத்தினோம். ரியூப் சூடாகும்வரை காத்திருந்தோம். படம் வந்தது. மச்சானின் வாயோரத்தில் ஒட்டியிருந்த கொய்யா விதைகூடத் தெரிந்தது.

"இனிப் பாருங்க" என்று சொல்லி, செம்புக்குள் ஓர் ஈர்க்கிலின் நுனியைத் தோய்த்து, மாமியின் தண்ணியில் ஒரு சொட்டை அந்த இடைவெளியில் வைத்தேன். மச்சானின் முகம் பாலுக்குள் போயிற்று.

"என்ன நடந்த? நான் இல்லையா இப்ப?" என்று கேட்டான் அவன், ரீவி அவனுக்குப் பின்பக்கம் இருந்தபடியால்.

"நீ இரிக்காய். பேசாம இரி" என்றார் மாமா. என்னிடம், "திரும்பக் கழுவு" என்றார்.

திரும்பக் கழுவினேன். ஆனால் இந்த ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது, கழுவி மட்டும் மாளாது. வளையத்திலிருந்து வரும் கம்பியைத் தட்டில் தொடவிடாமல் ஆகாயத்தில் தூக்கி, அடுத்த றெசிஸ்டரின் காலோடு அந்தரத்திலேயே ஈயம் வைத்தேன். மாமாவின் கண் அதற்கு உதவாது. வாகரைப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் அம்மா வாங்கி வைத்த தேன்மெழுகு எங்கள் வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து உருக்கி அந்த மூட்டுக்குப் பூசினேன். மெழுகில் தண்ணீர் ஒட்டாது, மின்சாரமும் போகாது. இது சஞ்சிகையில் இல்லை. என் யோசனை.

அதோடு விடவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் நடந்தால் படத்தில் அவருக்குப் பின்னால் வெள்ளைப் புகை இழுபடும். அது முதல் நாளிலிருந்தே இருந்த குறை. மாமா அதை ரியூப்பின் வயது என்று விட்டிருந்தார். முதல் தட்டில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது, அதைச் சரியாக வைத்தால் புகை போகும் என்று நான் வாசித்திருந்தேன். இரும்பு ஸ்க்ரூட்ரைவரைக் கிட்டக் கொண்டுபோனாலே படம் மாறுகிறது. ஈர்க்கிலைச் சப்பையாகச் சீவி அதனால் திருகினேன், மயிரளவு, மயிரளவாக. புகை சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது. மச்சான் பிடித்திருந்த கொப்பி மட்டையில் அவன் பெயர் எழுத்தெழுத்தாக நின்றது. மாமா ரீவியின் முன்னால் வந்து குந்தினார். "வளைகுடாவிலயும் நான் இப்பிடிப் படம் காணல்ல" என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு இன்றைக்கும் போதும்.

போதும் என்றுதான் இவ்வளவு வருடமும் இருந்தேன்.

சாய்ப்பை விட்டு வெளியே வரும்போது மாமா மெல்லச் சொன்னார்: "தண்ணிக் கதைய மாமிட்டச் சொல்லாத."

"ஏன்?"

"அவட வீடு புள்ள."

அன்று மத்தியானம் சோறு போடும்போது மாமி, எப்படிச் சரிவந்தது என்று கேட்டா. நான் வாசலில் நின்றேன். மாமா மீனில் முள் எடுத்துக்கொண்டே, "ஒரு கொண்டென்சர் பழுது. தம்பிதான் கண்டவன்" என்று மகனைக் காட்டினார். மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். மாமி பொரித்த மீனில் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தா. தின்றான்.

கண்காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசை ரோட்டு வரைக்கும் நின்றது. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக் கமராவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னான். நீங்கள் ஒவ்வொருவராக வந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதிபர் தன் வழுக்கையை முதல் தரம் மேலிருந்து பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு போனார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், "கொழும்புப் படத்த விட இது நல்லா இரிக்கே" என்று சத்தமாகச் சொன்னார். இதையெல்லாம் நான் காதால் கேட்டேன். ரீவிக்குப் பின்னால் கட்டின வெள்ளைத் துணிக்கு மறைவில், கையில் ஈர்க்கிலோடு நான் இருந்தேன். வெளிச்சம் மாற மாறத் திருகிக் கொடுக்க ஆள் வேண்டுமே. உங்கள் முகங்கள் தெளிவாகத் தெரிந்தது என் கையால். சான்றிதழில் மச்சானின் பெயர் இருந்தது.

மாமா கெட்டவர் இல்லை, பயந்தவர். யாருக்குப் பயந்தாரோ அவவைப் பற்றியும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பல வருடம் கழித்து, மாமா செத்த பிறகு, மாமி என் முன்னறையில் வந்து இருந்தா. நான் ஒரு ரேடியோவின் தட்டில் உப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டா:

"அந்தப் பொட்டிக்குள்ளயும் என்ட தண்ணிதானே போன?"

"ஓம் மாமி."

"நான் பிறகு யோசிச்சன். ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லயே புள்ள. சொல்லியிருந்தா ஒரு துணியப் போட்டு மூடிப்போட்டுத் தெளிச்சிருப்பன்."

அவ்வளவுதான். அவவுக்கு அது ஒரு துணி போடுகிற வேலை. அதைச் சொல்லப் பயந்து ஒரு வீட்டுப் பொய்யைக் கட்டி, அதற்குள் என்னை வைத்து அடைத்துவிட்டார்கள்.

கமரா இப்போது இல்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடித் திரும்பி வந்தபோது சாய்ப்பும் இல்லை, தகரமும் இல்லை. கொப்பி என்னிடம் இருந்தது. அதைச் சுனாமி கொண்டுபோனது. மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். அந்தச் சாய்ப்பில் அன்றைக்கு இருந்தவர்களில் உயிரோடு இருப்பது இரண்டு பேர். ஒருத்தி சொன்னால், பொறாமையில் சொல்கிறாள் என்பீர்கள். வீடியோவுக்குக் கீழே நான் ஒரு வரி எழுதினபோது உங்களில் ஒருவர், "மச்சான் மச்சாள் சண்டைய வீட்டுக்குள்ள வெச்சிக்கொள்ளுங்க" என்று எழுதவில்லையா?

வீட்டுக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே மச்சான் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அப்படியே போடுகிறேன்: "நீ சொல்றது சரி மச்சாள். நீதான் கண்டுபிடிச்ச. எனக்கு மறக்கல்ல. ஆனா அப்பா சொன்னத நான் எப்பிடி இப்ப இல்லையெண்டு சொல்ற? மேடையில பேச ஏதோ வந்திட்டுது. உனக்கு மட்டும் சொல்றன், மன்னிச்சிக்கொள்."

மச்சான், இதை நீ வாசிப்பாய். எனக்கு மட்டும் சொல்லாதே. எனக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் மண்டபத்தில் இருந்தார்கள். மலர் வெளியிடுகிற அன்றைக்கு நீதான் பிரதம விருந்தினர் என்று அழைப்பிதழில் இருக்கிறது. நான் முன்வரிசையில் இருப்பேன். மைக்கைப் பிடி. அந்தக் கமராவின் பிழையைப் பிடித்தது யார் என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.